பங்கேடும் பரம்பரையும்: ஸ்காட்லாந்தின் நாட்டுப்புறத்தில் குடும்ப வரலாறு தேடுதல்

ஸ்காட்லாந்தின் நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தின் முன்னோரைத் தேடப் புகுபவருக்குக் கிடைக்கும் ஏடுகளில் பெரும்பாலானவை முன்னோரை நினைவில் நிறுத்துவதற்காக எழுதப்பட்டவை அல்ல. ஞானஸ்நானப் பதிவு, குழந்தை திருச்சபைக்குள் வந்துவிட்டதைக் குறிக்கவும் அதற்குரிய கட்டணத்தைத் தண்டவும் எழுதப்பட்டது; மூப்பர் மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பு, ஒழுக்கம் தவறியவரை விசாரித்து அபராதம் விதிப்பதற்காக எழுதப்பட்டது; வறியோர் பதிவேடோ, ஓர் ஏழையின் சாப்பாட்டுச் செலவு எந்த ஊரின் தலையில் விழ வேண்டும் என்று முடிவு செய்வதற்காக ஏற்பட்டது. ஒவ்வோர் ஏட்டையும் எழுதவைத்த தேவை எது என்று அறியாமல் அதைப் புரட்டுபவர், அது சொல்ல முன்வராத செய்தியை அதனிடம் எதிர்பார்த்து ஏமாந்துபோவார். அந்தத் தேவையை அறிந்தவருக்கோ, நல்ல பெயரெடுத்து வாழ்ந்து மடிந்த குத்தகைக்காரரைவிட, வறுமையிலும் வம்பிலும் சிக்கிய பண்ணைப் பெண்ணைப் பற்றி அதிகச் செய்தி கிடைப்பது வியப்பாக இராது. இந்தக் கோணத்திலிருந்தே இவ்வுரை ஸ்காட்லாந்தின் பங்கு ஆவணங்களை அணுகுகிறது.

‘பங்கு’ என்னும் சொல் இங்கே கத்தோலிக்கத் தமிழர் வழங்கும் பொருளிலேயே ஆளப்படுகிறது. அதாவது, ஒரு தேவாலயத்தையும் அதன் போதகரையும் சேர்ந்த ஊர்களும் பண்ணைகளும் அடங்கிய நிலப்பரப்பு. ஸ்காட்லாந்தில் இத்தகைய பங்குகள் ஏறத்தாழ 900 இருந்தன. 1560இன் சமயச் சீர்திருத்தத்திற்குப் பின் அந்நாட்டின் திருச்சபை காலப்போக்கில் பிரஸ்பிட்டீரியன் முறையை ஏற்றது. பிஷப்புமார் ஆட்சிக்கு மாறாக, போதகரும் ஊராரிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட மூப்பர்களும் கூடிச் சபையை நடத்தும் முறை அது. இவ்வாறு கூடும் அவைக்குக் ‘கிர்க் செஷன்’ என்று பெயர். இங்கு அது மூப்பர் மன்றம் எனப்படும். சமய நெறியோடு, ஏழைகளுக்கான நிதி, பள்ளிக்கூடம், ஊர் ஒழுக்கம் ஆகிய அனைத்தும் அதன் பொறுப்பில் இருந்தமையால், இன்றைய பஞ்சாயத்து அலுவலகமும் காவல் நிலையமும் பார்க்கும் வேலைகளில் ஒரு பகுதியை அதுவே பார்த்தது எனலாம். அதன் எழுத்தர் பெரும்பாலும் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியரே ஆவார். குறைந்த சம்பளத்தில் காலம் தள்ளிய அவருக்குப் பதிவுக் கட்டணம் ஒரு துணை வருமானம். ஏடுகள் பல ஊர்களில் அவர் வீட்டிலேயே கிடந்தன. ஈரத்திலும் தீயிலும் எழுத்தரின் அசட்டையிலும் அவற்றுள் பல அழிந்தன.

ஞானஸ்நானத்தையும் திருமண அறிவிப்பையும் ஒவ்வொரு பங்கும் பதிவு செய்ய வேண்டும் என்று 1552இல், கத்தோலிக்கம் இன்னும் ஆட்சியில் இருந்தபோதே, ஒரு திருச்சபைப் பேரவை ஆணையிட்டது. இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையதான பெர்த்ஷயரின் எரோல் பங்கேடு 1553இல் தொடங்குகிறது. ஆனால் எரோல் ஒரு விதிவிலக்கு. வடமேற்கு மலைநாட்டிலும் தீவுகளிலும் பல பங்குகளின் ஏடுகள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தொடங்குகின்றன. சில, பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்த பின்னரே. இவ்வாறு 1854 வரை எழுதப்பட்ட ஏறத்தாழ 3,500 ஏடுகளுக்குப் ‘பழைய பங்குப் பதிவேடுகள்’ என்று பெயர். இவை எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வடக்கே ஷெட்லாந்திலிருந்து தென்மேற்கே விக்டவுன் வரை, மாவட்டவாரியாக எண்ணிடப்பட்டிருக்கின்றன.

ஒரு பதிவை அருகில் வைத்துப் பார்ப்பது இவற்றின் இயல்பை விளக்கும். பிற்காலத்தில் நாட்டின் பெருங்கவிஞராகப் போற்றப்பட்ட ராபர்ட் பர்ன்ஸ், ஏர்ஷயரின் ஆலோவேயில் ஒரு தோட்டக்காரரின் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர். ஏர் பங்கின் ஏட்டில் அவரைப் பற்றிய குறிப்பு, தந்தை, தாய் பெயர்களையும், குழந்தை முறையான மணத்தில் பிறந்தது என்பதையும், 1759 ஜனவரி 25இல் பிறந்து மறுநாள் போதகர் வில்லியம் டால்ரிம்பிளிடம் ஞானஸ்நானம் பெற்றது என்பதையும், சாட்சிகள் இருவரின் பெயரையும் தருகிறது. அவ்வளவுதான். பெற்றோரின் வயது, அவர்கள் பிறந்த ஊர், பாட்டன் பாட்டி பெயர் எதுவும் இல்லை. தாயின் பிறந்தகப் பெயர் இருக்கிறது என்பதே பெரும் பேறு. ஸ்காட்லாந்தில் மணமான பெண் சட்ட ஆவணங்களில் தன் பிறந்தகப் பெயரை இழப்பதில்லை என்னும் வழக்கமே இதற்குக் காரணம். கல்லறைக் கற்களிலும் கணவன் பெயரையடுத்து மனைவியின் பிறந்தகப் பெயர் வெட்டப்பட்டிருக்கும். இங்கிலாந்தின் ஏடுகளில் மணமான மறுநாளே மறைந்துபோகும் பெண்களைத் தேடி அலுத்தவர்கள் இந்த ஒரு வழக்கத்திற்காகவே எல்லைக்கு வடக்கே உள்ள எழுத்தர்களை வாழ்த்துவர்.

திருமணப் பதிவு எனப்படுவது பெரும்பாலும் திருமணத்தின் பதிவே அன்று. ஓலை கூறியதன் பதிவு. மணம் முடிக்க விரும்புவோரின் பெயரை ஞாயிறுதோறும் ஆராதனையில் மூன்று முறை அறிவித்து, தடை சொல்பவர் உண்டா என்று கேட்பதே ஓலை கூறுதல். மணமக்கள் இரு வேறு பங்கினராயின் இரு இடத்தும் ஓலை கூறப்பட வேண்டும். ஆதலால் ஒரே திருமணம் இரண்டு ஏடுகளில், சற்றே வேறுபட்ட தேதிகளோடு காணப்படுவது உண்டு. இறப்பின் நிலை இன்னும் மோசம். பல பங்குகளில் அடக்கப் பதிவே கிடையாது. அங்கே துணைநிற்பது சவப்போர்வைக் கணக்கு. சவப்பெட்டியின் மேல் விரிக்கும் கறுப்பு வெல்வெட் போர்வையை மூப்பர் மன்றம் வைத்திருந்து வாடகைக்கு விட்டது. வாடகைப் பணம் ஏழைகள் நிதிக்குச் சேர்ந்தது. இறந்தவர் பெயரை எழுத மறந்த எழுத்தர்கூட, வந்த பணத்தை எழுத மறக்கவில்லை. யாருடைய குழந்தைக்குச் சிறிய போர்வை போயிற்று, யாருக்குப் பெரிய போர்வை போயிற்று என்னும் வரவுக் குறிப்பே பல குடும்பங்களுக்கு எஞ்சியிருக்கும் ஒரே மரணச் சான்று.

இந்த ஏடுகளின் இடைவெளிகளுக்கும் காரணம் உண்டு. 1783இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி விதித்தது. 1794இல் அது நீக்கப்படும் வரை, வறியோர் என்று விலக்குப் பெறாத ஏழைக் குடும்பங்கள் பல பதிவையே தவிர்த்தன. பிரிவினைகள் இன்னொரு காரணம். போதகரை நியமிக்கும் உரிமை நிலக்கிழார் கையில் இருந்ததை எதிர்த்து 1733இல் ஒரு பிரிவும் 1761இல் மற்றொரு பிரிவும் வெளியேறின. 1843இல் ஏறத்தாழ 1,200 போதகர்களுள் 450 பேரளவில் வெளியேறிச் சுதந்திரத் திருச்சபையை நிறுவினர். வெளியேறியவர் வீட்டுக் குழந்தை பங்கேட்டில் இராது. அப்பிரிவின் ஏட்டில் இருந்தால் உண்டு. பதிவு இல்லை என்பதிலிருந்து பிறப்பு இல்லை என்று முடிவுகட்டுவது தொடக்கநிலைத் தேடுநர் செய்யும் தவறுகளுள் தலையாயது.

பர்ன்ஸ் குடும்பமே இத்துறைக்கு ஒரு நல்ல பாடப்புத்தகம். அதன் உறுப்பினர் ஒருவர் புகழ்பெற்றதால் அன்று, மற்றபடி அது எல்லாக் குத்தகைக் குடும்பங்களையும் போன்றது என்பதால். தந்தை வில்லியம் 1721இல் வடகிழக்கே கின்கார்டின்ஷயரில் பிறந்து, எடின்பரோ வழியாக ஏர்ஷயருக்கு வந்தவர். தம் பெயரைப் ‘பர்னஸ்’ என்ற வடிவில் எழுதியவர். மகன்கள் 1786 அளவில்தான் ‘பர்ன்ஸ்’ என்ற வடிவில் நிலைத்தனர். 1766இல் ஆலோவேயிலிருந்து மவுண்ட் ஆலிஃபன்ட் பண்ணைக்கும், 1777இல் டார்போல்டன் பங்கிலுள்ள லாக்லிக்கும், தந்தை இறந்த 1784இல் மாக்லின் பங்கிலுள்ள மோஸ்கீலுக்கும் குடும்பம் இடம்பெயர்ந்தது. 1788இல் ராபர்ட் டம்ஃப்ரீஸ்ஷயரின் எல்லிஸ்லாந்துக்குப் போனார். குத்தகைக் காலமும் விளைச்சலும் விரட்ட விரட்ட, ஒரு தலைமுறைக்குள் இத்தனை பங்குகள். வில்லியம் லாக்லியில் இறந்தார். அடக்கம் செய்யப்பட்டதோ ஆலோவேயில். இறந்த பங்கின் ஏட்டை மட்டும் தேடுபவருக்கு அவர் அகப்படமாட்டார்.

பெயரிடும் மரபும் இக்குடும்பத்தில் நன்கு புலப்படுகிறது. தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரும், இரண்டாமவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரும், மூன்றாமவனுக்குத் தந்தை பெயரும் வைப்பது ஸ்காட்லாந்து வழக்கம். பெண்மக்களில் மூத்தவளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயரும், அடுத்தவளுக்குத் தந்தைவழிப் பாட்டி பெயரும் வரும். பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் தமிழ் வாசகருக்கு இது விளக்கம் வேண்டாத ஒன்று. வில்லியத்தின் தந்தை ராபர்ட். வில்லியத்தின் மனைவி ஆக்னஸ் பிரவுனின் தந்தை கில்பர்ட். மகன்கள் வரிசையாக ராபர்ட், கில்பர்ட், வில்லியம். ஆக்னஸின் தாயும் ஆக்னஸே. மூத்த மகள் ஆக்னஸ். இவ்வளவும் விதிப்படி. ஆனால் இரண்டாம் மகள், தந்தைவழிப் பாட்டி இசபெல்லாவின் பெயரைப் பெற்றிருக்க வேண்டியவள், அனபெல்லா ஆனாள். இசபெல்லா என்ற பெயர் 1771இல் பிறந்த கடைசி மகளுக்கே வாய்த்தது. பெயர் வரிசையைக் கொண்டு முந்திய தலைமுறையை ஊகிக்கலாம், நிறுவ முடியாது. பாட்டன் பெயர்கள் பேரப்பிள்ளைகள் அனைவருக்கும் பரவுவதால், ஒரே பங்கில் ஒரே வயதில் ஒரே பெயருடைய பெரியப்பா சிற்றப்பா மக்கள் நால்வர் ஐவர் இருப்பதும் இதே மரபின் விளைவுதான். அங்கே அவர்களைப் பிரித்துக் காட்டுவது பெயரை ஒட்டி எழுதப்படும் பண்ணைப் பெயர் ஒன்றே. வடகிழக்குக் கரையின் மீனவர் ஊர்களில் பண்ணைப் பெயரும் உதவாமையால், பட்டப்பெயர்களே அலுவல் ஆவணங்களில் ஏறின.

மூப்பர் மன்றத்தின் ஏடுகளுக்கு மாக்லினே சிறந்த சான்று. 1742 முதல் அங்குப் போதகராயிருந்த வில்லியம் ஆல்டு கண்டிப்பானவர். 1786 ஏப்ரலில், மேஸ்திரி ஜேம்ஸ் ஆர்மரின் மகள் ஜீன், மணமாகாத நிலையில் கருவுற்று ஊரைவிட்டுப் போயிருப்பதாகப் பேச்சு அடிபடுகிறது என்று மன்றம் குறித்துக்கொண்டு, பெற்றோரிடம் விசாரிக்க மூப்பர்களை அனுப்பியது. அக்கோடையில் ராபர்ட் பர்ன்ஸ் தவற்றை ஒப்புக்கொண்டு, சபை நடுவே மூன்று முறை நின்று கண்டனம் பெற்றார். அவர் அப்போது ஜமைக்காவுக்குக் குடிபெயர எண்ணியிருந்தார். தாம் மணமாகாதவர் என்று போதகர் தரும் நற்சான்றிதழ் அவருக்குத் தேவைப்பட்டது. ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்குப் போகும் எவருக்கும் இத்தகைய சான்று வேண்டியிருந்தது என்பதும், அதைத் தரும் அதிகாரம் மன்றத்திடம் இருந்தது என்பதுமே, நாட்டுப்புற மக்கள் ஏன் இவ்வளவு கீழ்ப்படிந்து வந்து நின்றார்கள் என்பதை விளக்கும்.

பின்னர் 1788 ஆகஸ்ட் 5இல் இருவரும் மன்றத்தின்முன் வந்து, தாங்கள் முன்னமே முறைசாராத் திருமணம் செய்துகொண்டதை அறிவித்தனர். மன்றம் கண்டித்து, மணத்தை ஏற்றுக்கொண்டது. பர்ன்ஸ் ஏழைகளுக்கு ஒரு கினி கொடுத்தார். முறைசாராத் திருமணம் என்பது சட்டவிரோதமான திருமணம் அன்று. ஆணும் பெண்ணும் தம் இசைவை வெளிப்படையாகத் தெரிவித்தாலே ஸ்காட்லாந்துச் சட்டப்படி அது மணம். போதகரோ தேவாலயமோ வேண்டியதில்லை. 1940 ஜூலை வரை இந்த நிலை நீடித்தது. ஆகவே ஒரு முன்னோரின் திருமணம் ஏட்டில் அகப்படாவிட்டால், அவர் மணக்கவில்லை என்று தலைகுனிய வேண்டியதில்லை. மன்றத்தின் அபராதக் கணக்கைப் பார்த்தால் போதும். இந்த ஏடுகளின் படங்கள் 2021 முதல் பொதுமக்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பெயரகராதி இல்லாதவை அவை. பக்கம் பக்கமாகப் படித்தே தீர வேண்டும். ஒரு முறை அப்படிப் படித்தவர், பெயர்களுக்குப் பின்னால் இருந்த ஊரைத் தெரிந்துகொண்டிருப்பார்.

ஊரைத் தெரிந்துகொள்ள இன்னொரு நூலும் உண்டு. சர் ஜான் சின்க்ளேர், பங்குதோறும் போதகர்களுக்கு வினாநிரல் அனுப்பி, 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வெளியிட்ட ‘ஸ்காட்லாந்தின் புள்ளிவிவரக் குறிப்பு’ கூலி, பயிர், விலை, நோய், பள்ளி அனைத்தையும் ஊர்வாரியாகச் சொல்கிறது. மாக்லின் பகுதியை எழுதியவர் அதே வில்லியம் ஆல்டுதான்.

நிலமுள்ளவரைத் தேடுவது எளிது. 1617 முதல் நில உரிமை மாற்றங்கள் ‘சசீன்’ பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. வாரிசுரிமை விசாரணைகளும் உயில்களும் வேறு. நிலமற்ற பண்ணையாளைத் தேடுவதுதான் தேடுபவரின் திறமைக்குச் சோதனை. மணமாகாத ஆட்களை ஆறு மாதத்திற்கும், மணமான உழவாட்களை ஓராண்டிற்கும் ஆள் சந்தையில் பேசி அமர்த்துவது வழக்கம். மே மாதத்திலும் நவம்பரிலும் தவணை முடிய, மூட்டைமுடிச்சுகளை வண்டியிலேற்றி அடுத்த பண்ணைக்குப் போவர். அவர்கள் ஊராரால் சுட்டப்படும் அளவுக்கு எங்கும் தங்கியதில்லை. இவர்களைத் தேட உதவுபவை 1851இலும் அதற்குப் பின்னும் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள். 1841இன் கணக்கெடுப்பு, பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதியது; உறவுமுறையையும் சொல்லவில்லை. 1851இலோ பிறந்த பங்கு கேட்டு எழுதப்பட்டது. மூத்த பிள்ளை ஒரு பங்கு, அடுத்தது பக்கத்துப் பங்கு, கைக்குழந்தை மூன்றாவது பங்கு என்று எழுதியிருக்கும் ஒரு வீட்டின் பதிவை வரைபடத்தில் புள்ளியிட்டுப் பார்த்தால், அந்த உழவாள் ஆண்டுதோறும் நடந்த வழி தெரிந்துவிடும்.

அவர்களுள் நொடித்துப்போனவர்களுக்கு 1845இன் வறியோர் சட்டம் இன்னொரு ஏட்டைத் திறந்தது. உதவி கேட்டு வருபவர் எந்தப் பங்கின் பொறுப்பு என்பதே அங்கே வழக்கு. பிறந்த பங்கா, ஐந்தாண்டு தொடர்ந்து வாழ்ந்த பங்கா, பெண்ணாயின் கணவனின் பங்கா என்று இரு ஊர் அலுவலர்கள் செலவை ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் போராடினர். அதன் பொருட்டு, உதவி கேட்டு வந்த பெண்ணின் பிறப்பு, மணம், கணவன் கைவிட்டுப்போன காலம், பிள்ளைகளின் வயது, வேலைபார்த்த பண்ணைகள் எல்லாம் துருவித் துருவிக் கேட்டு எழுதப்பட்டன. அவ்விசாரணை அவளுக்கு இழிவாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. அவள் கொள்ளுப்பேத்திக்கு அதைவிட முழுமையான வாழ்க்கைக் குறிப்பு எங்கும் கிடைக்காது என்பதும் உண்மை.

1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு திருச்சபையின் கையிலிருந்து அரசின் கைக்கு மாறி, கட்டாயமாயிற்று. முதல் ஆண்டின் படிவம் வகுத்தவர்களின் பேராசையைக் காட்டுகிறது: பிறப்புச் சான்றில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், மணந்த நாளும் இடமும், முன்பிறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை, இறப்புச் சான்றில் பெற்றோர் பெயர், பிள்ளைகள் அனைவரின் பெயரும் வயதும், அடக்கம் செய்த இடம். பதிவாளர்களால் தாக்குப்பிடிக்க முடியாமல் அடுத்த ஆண்டே படிவம் சுருக்கப்பட்டது. மணநாள் மட்டும் 1861இல் பிறப்புச் சான்றுக்குத் திரும்பியது. ஆயினும் இறந்தவரின் பெற்றோர் இருவரின் பெயரும், தாயின் பிறந்தகப் பெயரோடு, இறப்புச் சான்றில் நிலைத்தன. 1855இல் எண்பது வயதில் இறந்த ஒரு கிழவியின் சான்று, 1750களில் பிறந்த அவள் பெற்றோர் வரை ஒரே தாவலில் கொண்டுசேர்க்கும். செய்தி கொடுத்தவர் மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ என்பதைக் கீழே பார்த்துக்கொள்வது நல்லது. மாமியாரின் தாய் பெயரை எத்தனை மருமகன்கள் சரியாகச் சொல்வார்கள்?

ஊரைவிட்டுக் கடல் கடந்தவர்களின் தடம் சில இடங்களில் தமிழ் வாசகர் அறிந்த மண்ணுக்கு வந்து சேர்கிறது. பர்ன்ஸின் தந்தை பிறந்த அதே கின்கார்டின்ஷயரில், ஃபோர்டூன் பங்கில், 1835இல் ஒரு வண்டிச்சக்கரத் தச்சரின் மகனாகப் பிறந்த ஜேம்ஸ் டெய்லர், 1852இல் இலங்கைக்கு வந்து, 1867இல் லூல்கந்துரா தோட்டத்தில் தேயிலை பயிரிட்டவர். தாயகம் திரும்பாமலே 1892இல் இறந்து, கண்டியின் மஹையாவ கல்லறையில் அடக்கமானார். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவில் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. இத்தகையோரைத் தேடும்போது ஆட்சி எல்லைகளை மறந்துவிடக் கூடாது. சென்னை மாகாணத்தில் இறந்த ஸ்காட்லாந்துக்காரரின் அடக்கப் பதிவு, லண்டனின் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்திய அலுவலக ஆவணங்களின் சென்னைத் தொகுதியில் தேடப்பட வேண்டியது. கல்லறை வாசகங்களுக்கு ஜே. ஜே. காட்டன் 1905இல் வெளியிட்ட தொகுப்பு உண்டு. இலங்கையோ 1802 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இல்லாத, நேரடி முடியாட்சிக் குடியேற்றநாடு. ஆகையால் தோட்டத்துரைமார் அத்தொகுதியில் அகப்படமாட்டார்கள். அவர்களுக்குப் பென்ரி லூயிஸ் 1913இல் வெளியிட்ட இலங்கைக் கல்லறை வாசகங்களின் தொகுப்பு துணைசெய்யும். இவை இரண்டிலும் இல்லாதவர் ஸ்காட்லாந்தில் ஏதேனும் பணமோ பத்திரமோ விட்டுப்போயிருந்தால், அவர் கண்டியில் இறந்திருந்தாலும் கடலூரில் இறந்திருந்தாலும், அச்சொத்தைப் பிரிக்க அனுமதி தந்த எடின்பரோ நீதிமன்றத்தின் பதிவேட்டில் அவர் பெயரும் பிறந்த பங்கில் எஞ்சியிருந்த உடன்பிறந்தார் பெயரும் இருக்க வாய்ப்புண்டு.